கார்பன் டை ஆக்சைடு பயிருக்கு உணவு: காலநிலைக் கொள்கையில் அந்த வரவை எழுத வேண்டாமா?

தேரூர் வயல்காரர்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிச் சுவரில் பிள்ளைகள் படம் வரைந்திருக்கிறார்கள். பூமி உருண்டையைக் கறுப்பு அரக்கன் ஒருவன் இறுக்கிப் பிடித்திருக்கிறான். அவன் நெஞ்சில் 'கார்பன் டை ஆக்சைடு' என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து மனது கேட்கவில்லை, அதனால்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் எடுக்கிறவன் நான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் மண்ணிலிருந்து வரும், சரி. ஆனால் நெல்மணிக்குள் இருக்கும் மாவுக்கான கார்பன் முழுக்கக் காற்றிலிருந்து வருகிறது. கடைசிப் பனியுகத்தில் காற்றில் இந்த வாயு 10 லட்சத்தில் 180 பங்கு அளவுக்கு இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் நெல் போன்ற பயிர்கள் பிழைத்திருப்பதே பாடு. தொழிற்புரட்சிக்கு முன் 280. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நெதர்லாந்தில் தக்காளி வளர்க்கிறவர்கள் கண்ணாடிக் கூடாரத்துக்குள் இந்த வாயுவைக் காசு கொடுத்துச் செலுத்துகிறார்கள். பலன் இல்லாமலா செய்வார்கள்?

2016-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 1982 முதல் பூமியின் பச்சைப் பரப்பில் கால் பங்கிலிருந்து பாதி வரை இலையடர்த்தி கூடியிருக்கிறது, அதில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் காற்றில் கூடிய கார்பன் டை ஆக்சைடு என்றது அது. இந்த நல்ல செய்தியை நம் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? கொள்கை வகுப்பவர்கள் செலவுப் பக்கத்தை மட்டும் எழுதி வரவுப் பக்கத்தை வெறுமையாக விடுவது நேர்மையில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதைப் பற்றி மனு கொடுக்கப் போகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தூத்தூர் கடலோடி

அண்ணாச்சி, நெல்லைப் பற்றி நீங்கள் சொன்னதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்த வாயு உங்கள் வயலோடு நிற்பதில்லையே.

மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதும் அது அமிலமாகிறது. கடல்நீரின் காரகாடித்தன்மை (pH, இது குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) 8.2-லிருந்து 8.1-க்கு வந்திருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அந்த அளவுகோலில் இது 30 சதவீதத்தை ஒட்டிய அமிலக் கூடுதல்.

எங்கள் கரையில் மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து சிப்பி பெயர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் உளி, இடுப்பில் வலைப்பை, கால்முட்டியெல்லாம் பாறை கிழித்த தழும்பு. அவர்கள் எடுக்கும் சிப்பியின் ஓடு கால்சியம் கார்பனேட். கடலில் அமிலம் கூடக்கூட அந்த ஓட்டைக் கட்டுவது சிப்பிக்குச் சிரமமாகிறது. அமிலம் கூட்டிய சோதனைத் தொட்டிகளில் சிப்பி இனங்கள் பலவற்றின் ஓடு மெலிந்துபோனதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இதில் வெப்பத்தின் பேச்சே இல்லை. உங்கள் நெல்லுக்கு உணவாகும் அதே வாயு நேரடியாகச் செய்யும் வேலை இது.

அப்புறம் ஒக்கி. 2017 நவம்பர் 30. தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே நாளில் புயலானது. ஆழ்கடலுக்குப் போன எங்கள் ஆட்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று எந்த ஊரிலும் கேட்டுப் பாருங்கள், பெயர் சொல்லி அழ ஆள் இருக்கிறது. உங்கள் வரவுப் பக்கத்தில் எத்தனை மூட்டை நெல் எழுதினால் இது நேராகும்?

தேரூர் வயல்காரர்

தம்பி, ஒக்கி எனக்கும் தெரியும். தோவாளைப் பக்கம் குலை தள்ளி நின்ற ஏத்தன் வாழை ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடற்கரைச் சாவுக்கு முன்னால் அது பெரிதில்லை, ஒப்பிட மாட்டேன். ஆனால் ஒரு புயலைக் காட்டி 'கார்பனால் வந்தது' என்று சொல்லிவிட முடியுமா? புயல் நம் தாத்தா காலத்திலும் அடித்தது.

மார்த்தாண்டம் தாவர டீச்சர்

ஒக்கி என்ற ஒரு புயலைக் கார்பன் உண்டாக்கியது என்று யாரும் சொல்ல முடியாது, ஐயா சொல்வது சரி. ஆனால் புயலுக்கு எரிபொருள் கடலின் வெப்பம். அரபிக்கடல் முன்பு இந்தியாவின் குளிர்ந்த பக்கமாக இருந்தது. அது சூடாகிவருகிறது, 1982 முதல் 2000 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால் 2001 முதல் 2019 வரை அங்கே புயல்கள் 52 சதவீதம் கூடியதாகப் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு 2021-ல் சொன்னது. ஒரே நாளில் வலுப்பெறும் புயல்கள் கூடினால் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கும். தம்பி கேட்பது அதைத்தான்.

இனி நெல்லுக்கு வருகிறேன், என் பாடமே அதுதான். ஐயா சொன்ன அடிப்படை உண்மை. கார்பனைப் பிடிக்கும் முறையை வைத்துப் பயிர்களை சி3, சி4 என்று பிரிப்போம். நெல், ரப்பர், தென்னை, வாழை எல்லாம் சி3 வகை. இவற்றின் இலையில் கார்பனைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதி, பல நேரம் கார்பனுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்து உழைப்பை வீணாக்கும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் அந்த வீண் குறையும், விளைச்சல் கூடும். கரும்பு, சோளம், மக்காச்சோளம் சி4 வகை. அவற்றுக்கு இந்தப் பலன் சொற்பம்.

எவ்வளவு கூடும்? ஜப்பானிலும் சீனாவிலும் திறந்த வயலில் குழாய் வளையம் அமைத்து, 200 பங்கு அளவுக்கு வாயுவைக் கூட்டிப் பார்த்தார்கள். வழக்கமான நெல் ரகங்கள் சுமார் 12 சதவீதம் கூடுதல் தந்தன. சில வீரிய ஒட்டு ரகங்கள் 30 சதவீதத்தை ஒட்டித் தந்தன. இதை வகுப்பிலும் சொல்கிறேன், மறைக்க வேண்டிய காரியமே இல்லை.

ஆனால் அந்த வயல்களில் விளைந்த அரிசியைப் பிரித்துப் பார்த்த முடிவு 2018-ல் வந்தது. 18 ரகங்களில் சராசரியாகப் புரதம் 10 சதவீதம், இரும்புச்சத்து 8 சதவீதம், துத்தநாகம் 5 சதவீதம் குறைவு. பி வகை வைட்டமின்களும் குறைந்தன. மூன்று நேரமும் சோறு உண்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. மூட்டை எண்ணிக்கை கூடியதை வரவாக எழுதினால், சோற்றில் சத்து குறைந்ததை அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

பூமி பச்சையானதிலும் ஒன்று உண்டு. உலகத்தில் பச்சை கூடியதில் சீனாவும் இந்தியாவும் முன்னணி என்று 2019-ல் வந்த ஆய்வு காட்டியது. இந்தியாவின் பங்கில் 82 சதவீதம் விளைநிலத்தில் நடந்தது. பாசனம், உரம், வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் என்று உங்களைப் போன்றவர்கள் பாடுபட்டதுதான் அதற்குப் பெருங்காரணம். அந்தப் பெருமையைக் காற்றுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

குலசேகரம் பால்வெட்டு

டீச்சர் ரப்பரும் சி3 என்று சொன்னதால் நானும் வருகிறேன். இலை தழைப்பதைப் பற்றி எனக்குக் குறையில்லை. எனக்குப் பணம் வருவது இலையிலிருந்து இல்லை, வெட்டு நாளிலிருந்து. விடியுமுன் போய்ப் பட்டையில் மெல்லிசாக ஒரு சீவல் எடுத்தால் பால் சிரட்டையில் சொட்டும். நடுவில் மழை விழுந்தால் பால் வெட்டுவாயை விட்டு வழிந்து பட்டையெல்லாம் பரவிவிடும். சிரட்டையில் நிற்பது தண்ணீர். மழை மறைப்புப் பிளாஸ்டிக் ஒட்டினாலும் காற்றோடு அடிக்கிற மழைக்கு அது நிற்காது. விடாமல் ஈரமாக இருந்தால் இலையுதிர் நோய் வரும், அப்புறம் புகைக்கூட்டில் தொங்கவிட ஷீட் ஏது?

2021 நவம்பரில் மழை எப்படிப் பெய்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும், தாங்கியதை ஒரே மூச்சில் கொட்டும். மரத்துக்குக் காற்றில் கூடுதல் சாப்பாடு கிடைத்து எனக்கு வெட்டு நாள் குறைந்தால் நான் எதை வைத்துக் கடன் அடைப்பேன்?

தேரூர் வயல்காரர்

எல்லோரும் கெடுதலையே அடுக்குகிறீர்கள். நான் விட்டுவிட்ட இரண்டு நல்லதையும் வைக்கிறேன்.

ஒன்று தண்ணீர். காற்றில் இந்த வாயு கூடினால் இலைத்துளைகள் குறுகும், பயிர் ஆவியாக விடும் நீர் குறையும். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைவரம்பு வரை வந்து சேராத வருடங்களில் எங்களுக்கு ஒவ்வொரு நனைப்பும் பெரிசு. இரண்டு, களை. நெல் வயலில் பெரும் தொல்லை குதிரைவாலிப் புல். அது சி4. போட்டியில் நெல்லுக்குக் கை ஓங்கும்.

கொள்கையைப் பற்றியும் சொல்கிறேன். 2009-ல் அமெரிக்கா இந்த வாயுவை மக்கள் நலனுக்கு ஆபத்து என்று அறிவித்தது. 2025 ஜூலையில் அதைத் திரும்பப் பெற அவர்களே முன்மொழிந்தார்கள். அதே மாதம் அவர்களின் எரிசக்தித் துறை 5 அறிஞர்களை வைத்து வெளியிட்ட அறிக்கை, பயிருக்கு வரும் நன்மையை வெளிப்படையாகப் பேசியது. தலைக்கு 14 டன்னுக்கு மேல் வெளியிடும் நாடு அப்படிப் பேசும்போது, தலைக்கு 2 டன் அளவில் இருக்கும் இந்தியா எதற்குத் தன் விவசாயியின் தலையில் பாரத்தை ஏற்ற வேண்டும்?

மார்த்தாண்டம் தாவர டீச்சர்

தண்ணீர்ச் சிக்கனம் உண்மை. ஆனால் இலைத்துளை குறுகினால் இலை வியர்ப்பதும் குறையும், அதனால் பயிரின் மேற்பரப்பு கூடுதலாகச் சூடாகும். நெல் பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். இரவுச் சூடும் கெடுதல். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயலில், விளையும் பருவத்து இரவு வெப்பம் 1 டிகிரி ஏறினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் இறங்கியதை 2004-ல் எழுதினார்கள். காற்றில் கூடும் கார்பன் தரும் 12 சதவீதத்தை, அது கொண்டுவரும் சூடே திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடும்.

அந்த 5 பேர் அறிக்கைக்கு 85-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள், அதையும் ஐயா சொல்லியிருக்க வேண்டும். வரவுப் பக்கம் வெறுமை என்பதும் சரியல்ல. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு நட்டம் தருகிறது என்று பணத்தில் கணக்கிடும் மாதிரிகள் இருக்கின்றன. பயிருக்கு வரும் கூடுதல் விளைச்சலை அவற்றில் கழித்துத்தான் பார்க்கிறார்கள். கழித்த பிறகும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2023-ல் போட்ட கணக்கில் டன்னுக்கு 190 டாலர் நட்டம் நின்றது.

முப்பந்தல் காற்றாலை

தலைக்கு 2 டன் என்ற வாதத்தில் நான் வயல்கார அண்ணாச்சியோடு நிற்கிறேன். பழைய கடனை வாங்கியவர்கள்தான் முதலில் அடைக்க வேண்டும். நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்க இந்தியா 2070 என்று தவணை சொன்னதில் எனக்குக் குறை தெரியவில்லை.

ஆனால் விவசாயி தலையில் பாரம் என்பது புரியவில்லை. உங்கள் பம்புசெட்டுக்கு வரும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தாலும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றிலிருந்து வந்தாலும் தண்ணீர் ஒன்றுதான். நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு தனியாகவும் வராது. கந்தகமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சாம்பலும் கூடவே வரும். அந்த நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் ஓசோனை உண்டாக்கும், அது நெல் இலையைக் கருக்கும். கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளிக்காரர் கொடுப்பது சுத்தமான வாயு, சூடும் அவர் கைப்பிடியில். நம் வயலுக்கு அப்படி எந்தக் கதவும் கிடையாது.

தேரூர் வயல்காரர்

கூடாரத்து உதாரணத்துக்கு நீங்கள் வைத்த மறுப்பு நியாயம். ஆனால் என் அடிப்படைக் கோரிக்கை அப்படியே இருக்கிறது. 420 பங்கு என்பது நடந்து முடிந்த காரியம். நாளைக்கே உலகம் முழுக்கப் புகையை நிறுத்தினாலும் என் பேரன் உழும்போது காற்றில் 280 இருக்காது. அந்தக் காற்றில் பயிர் செய்யப் போகிறவன் அதிலுள்ள நன்மையை முழுதாக எடுத்துக்கொள்ள வழி வேண்டாமா?

அதனால் மனுவை இப்படி எழுதுகிறேன்: திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கூடிய கார்பனை விளைச்சலாக மாற்றும் ரகங்களைத் தேட வேண்டும். அவை இரவுச் சூட்டைத் தாங்க வேண்டும், துத்தநாகமும் இரும்பும் குறையாமல் இருக்க வேண்டும். அம்பை 16 நெல் ரகம் வந்தபோது எங்கள் வயல்கள் மாறின, அப்படி ஒன்று இன்னொரு முறை நடக்கட்டும். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் மரம் நடுவதோடு நிற்காமல் இதற்கும் நிதி கேட்க வேண்டும்.

தூத்தூர் கடலோடி

ரகம் தேடுங்கள், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் 'நன்மை' என்ற தலைப்பில் மனு போனால், நாளைக்கு அதைக் காட்டிக் கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்கான பணத்தை வெட்டுவார்கள் என்பதுதான் என் பயம். வரவு எழுதுகிறவர் தேரூரில் இருக்கிறார். செலவு கட்டுகிறவன் தூத்தூரில் இருக்கிறேன். இரண்டு ஊரும் ஒரே மாவட்டம், ஆனால் கணக்குப் புத்தகம் ஒன்றில்லை. விளைச்சல் கூடினால் அதில் ஒரு படி அரிசி எங்கள் கரைக்கு வரப்போவதில்லை.

தலைப்பை மாற்றுங்கள். ஆழ்கடல் படகுகள் எல்லாவற்றுக்கும் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கைக் கருவி என்று ஒரு வரி சேருங்கள். சேர்த்தால் எங்கள் ஊர்க் கமிட்டியிடம் பேசி நானே கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

தேரூர் வயல்காரர்

கருவிக்கான வரியைச் சேர்க்கிறேன் தம்பி, அதில் மறுபேச்சு இல்லை. தலைப்பை மாற்ற மாட்டேன். நன்மை இருக்கிறது என்று டீச்சரே 12 சதவீதம் கொடுத்திருக்கிறார்.

மார்த்தாண்டம் தாவர டீச்சர்

12 சதவீதம் கொடுத்தேன், ஐயா. புரதத்தில் 10 சதவீதம் எடுத்ததும் நான்தான். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். முதலாவதை மட்டும் எழுதினால் அதே கூட்டத்துக்கு நானும் வந்து இரண்டாவதைச் சொல்வேன்.