புதுப்பிப்பு: ஓடும்போதே ஆஃப் ஆகுற ஸ்கூட்டர், சரியாயிடுச்சு

என் ஸ்கூட்டர் ஏன் ஓடும்போதே நிக்குதுன்னு இங்க கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புதுசா படிக்கிறவங்களுக்காக: 110 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) வண்டி, காலைல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைஞ்சு பொசுக்குனு நின்னுடும், ஓரங்கட்டி கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஓடும். பிளக், ஏர் ஃபில்டர் மாத்தியும் அப்படியேதான்.

நின்ன உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கன்னு ஒருத்தர் சொன்னீங்கல்ல, அதேதான். திறந்ததும் உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துச்சு, மூடிட்டு செல்ஃப் அடிச்சா உடனே ஓடுது. மூடியில இருக்கிற குட்டி ஓட்டைல புழுதி அடைச்சு கெட்டியாயிருந்துச்சு, பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காத்து உள்ள போகணும், போகலேன்னா கார்புரேட்டருக்கு பெட்ரோல் இறங்காது. மூடியைக் கழட்டி நல்லா கழுவி ஊதினதும் ஓட்டத்துல நிக்கிறது போச்சு.

ஆனா எதிர்பார்க்காதது, சிக்னல்ல ஆக்ஸிலேட்டரை விட்டா மட்டும் இன்னும் ஆஃப் ஆச்சு. கார்புரேட்டர் கிண்ணத்துல இருந்து வடிச்சுப் பார்த்தா பெட்ரோலுக்கு அடியில தண்ணி முத்து முத்தா தனியா நிக்குது, ஸ்லோ ஜெட்டை (ஆக்ஸிலேட்டர் கொடுக்காதப்ப பெட்ரோல் போற குட்டி ஓட்டை உள்ள பாகம்) வெளிச்சத்துல பிடிச்சா ஓட்டையே தெரியல. மெக்கானிக் கடைல கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவுற ஸ்ப்ரே) அடிச்சு காத்து பிடிச்சாங்க, இப்ப ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஐடிலிங் அருமையா நிக்குது, ஆஃப் ஆகல. ஜெட்டுக்குள்ள கம்பி மட்டும் விடாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா பெட்ரோல் அளவே மாறிடும்.