சுட்ட .303 தோட்டாவின் பித்தளைக் கூட்டில் வெடிமருந்து நிரப்பித் திரும்பச் சுட்டால், மூன்றாவது முறையிலேயே அடிப்பக்கம் விரிசல் விடுகிறது, ஏன்?

கேள்வி: துப்பாக்கி லீ-என்ஃபீல்ட் நம்பர் 4, கனடாவில் மான் வேட்டைக்கு. மருந்து அளவு கையேட்டின் தொடக்க அளவுதான். கூட்டின் அடிவிளிம்புக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது. மருந்தைக் குறைக்கணுமா?

பதில் 1: மருந்து காரணமில்லை. .303 தோட்டா விளிம்பில்தான் உட்காரும். போர்க்களச் சேற்றிலும் சிக்காமல் இருக்க சேம்பரின் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) தோள்பகுதியை, அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் இடத்தை, தாராளமாகக் கடைந்திருக்கிறார்கள். சுடும்போது கூடு அந்த இடத்தை நிரப்ப முன்னால் நீள்கிறது. சுட்ட கூட்டை முழுவதும் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான முழுநீள டை, தோளைத் திரும்பப் பின்னால் தள்ளுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பித்தளை அதே இடத்தில் மெலிகிறது. இனி கழுத்தை (குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதி) மட்டும் சைஸ் பண்ணுங்க. அந்தக் கூடு அதே துப்பாக்கிக்கு மட்டும்தான்.

பதில் 2: கழுத்து டை இல்லையென்றால் முழுநீள டையையே கொஞ்சம் மேலே ஏற்றி வையுங்க. டையின் மரை அங்குலத்துக்கு 14. கால் சுற்று சுமார் 0.018 அங்குலம். போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) லேசான பிடிப்போடு மூடும் இடத்தில் நிறுத்துங்க.

பதில் 3: கூடு மெலிந்திருக்கிறதா என்று பார்க்க, பேப்பர் கிளிப்பின் நுனியை மடக்கி உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுங்க. பள்ளத்தில் தடுக்கினால் அந்தக் கூட்டை நசுக்கிப் போடுங்க, தயவுசெய்து இன்னொரு முறை ஏற்றாதீங்க. கூடு அறுந்தால் சூடான வாயு முகத்துக்கே வரும். ஹெட்ஸ்பேஸையும் (போல்ட் முகத்துக்கும் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) கேஜ் வைத்துப் பாருங்க. நம்பர் 4-இல் போல்ட்டின் முன்நுனியான போல்ட் ஹெட்டை மட்டும் மாற்றலாம், 0 முதல் 3 வரை அளவு உண்டு.