ஹைபிரிட் சைக்கிளில் டிராப் பார் மாட்டியவர்கள் உண்டா?

வணக்கம். என் ஹைபிரிட்டின் (ரோடு பைக்கும் மவுண்டன் பைக்கும் கலந்த வகை) நேர் ஹேண்டில்பாரை எடுத்துவிட்டு டிராப் பார், அதாவது ரோடு பைக்கில் இருக்கும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், போடலாம் என்றிருக்கிறேன். ஈ.சி.ஆரில் எதிர்காற்று அடித்தால் குனிந்து ஓட்ட வழியில்லை, உள்ளங்கையும் மரத்துப்போகிறது.

சிக்கல் பிரேக்கில்தான். இருப்பது வி-பிரேக் (நீண்ட இரு கைகள் சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை), சாதாரண ரோடு பைக் பிரேக் லீவர் அதற்குப் போதுமான அளவு கேபிளை இழுக்காது. வி-பிரேக்குக்கு ஏற்ற டெக்ட்ரோ ஆர்.எல். 520 போன்ற லீவர் சென்னையில் எங்கே கிடைக்கும்? கியர் மாற்றும் பழைய ஷிஃப்டரும் ஏறாது: அது 22.2 மி.மீ. குழாய்க்கானது, டிராப் பார் 23.8. பின்னால் ஷிமானோ 8 ஸ்பீடு என்பதால் ஹேண்டில்பார் நுனியில் செருகும் பார்-எண்ட் ஷிஃப்டர் வாங்க உத்தேசம்.

இந்தச் செலவுக்குப் பழைய ரோடு பைக்கே வாங்கலாம் என்கிறார் கடைக்காரர். நியாயம்தான், ஆனால் இந்த ஃபிரேமை விட மனசில்லை. அப்புறம், டிராப் பார் போட்டால் கை இன்னும் முன்னால் போகுமே, ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) நீளத்தை எவ்வளவு குறைத்தீர்கள்? இப்போது இருப்பது 90 மி.மீ.