பழைய கேம் பெட்டி மானிட்டர்ல கம்ப்யூட்டர் படம் நிக்கவே மாட்டேங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

சிப்புட்_பையன்:
வணக்கம் அண்ணேமாருங்களா. நான் மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல. டவுன்ல மூடிக் கிடந்த கேம் கடை தவுக்கே (முதலாளி) ஒரு ஆர்கேட் பெட்டிய, காசு போட்டு ஆடுற கேம் மிஷின, 150 வெள்ளிக்குத் தள்ளிவிட்டாரு, மாமா வேன்ல படுக்க வச்சு கொண்டாந்தோம். உள்ள கேம் போர்டு செத்துப்போச்சு, 20 இன்ச் டியூப் மானிட்டர் மட்டும் உயிரோட இருக்கு. சரி கம்ப்யூட்டர மாட்டிடலாம்னு விஜிஏ கேபிள (கம்ப்யூட்டர்லேர்ந்து மானிட்டருக்குப் படம் போற கேபிள்) அறுத்து சிவப்பு பச்சை நீலம் கிரவுண்டு எல்லாம் ஒயருக்கு ஒயர் ஒட்டிட்டேன், ஆனா படத்த ஆடாம நிக்க வைக்கிற சின்க் சிக்னல் கேபிள்ல ரெண்டு (கோட்டுக்கு எச் சின்க், முழுப் படத்துக்கு வி சின்க்), பெட்டியில ஒன்னுதான், அதனால எச் சின்க்க மட்டும் குடுத்தேன். படம் ரெண்டா கிழிஞ்சு சாஞ்சு ஓடுது, மேலயும் கீழயும் உருளுது, கீச்னு சத்தம் வேற. அப்புறம் ஆன்லைன்ல ஜிபிஎஸ்-8200னு படத்த மாத்திக் குடுக்கிற போர்டு ஒன்னு வாங்கிப் பாத்தேன், ஒன்னும் வரல லா.

டிவி_ரிப்பேர்_மாமா:
தம்பி மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணு. அந்த மானிட்டர் நொடிக்கு 15,700 கோடு போடுற வகை, 262 கோட்ட 60 தடவ பெருக்கிப் பாரு வந்துரும். உன் கம்ப்யூட்டர் குறைஞ்சதே 640க்கு 480, அது 525 கோடு, 60ல பெருக்குனா 31,500. டபுள் வேகம். அதான் படம் ரெண்டா தெரியுது. அப்படியே ஓட விட்டா கோடு போட வைக்கிற ஹரிசாண்டல் டிரான்சிஸ்டர் சூடாகிப் போயிரும். உருளுறது வேற கதை, வி சின்க் போகலன்னா உருளத்தான் செய்யும். ஜிபிஎஸ் போர்டு வாங்கினது வேஸ்ட்டு, அது பழைய கேம் போர்டு படத்த புது மானிட்டருக்கு ஏத்துற சாமான், உனக்கு வேண்டியது கம்ப்யூட்டர் படத்த 15,700க்கு இறக்குறது.

ராட்டை_2:
பழைய ஏஎம்டி ரேடியான் கிராபிக்ஸ் கார்டு கெடைக்குமா பாருங்க, விஜிஏ ஓட்டை உள்ளது. சிஆர்டி எமு டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, போட்டா கார்டே நேரா 15 கிலோஹெர்ட்ஸ் (மேல சொன்ன நொடிக்கு 15,700 கோடு) குடுக்கும். இன்டெல் போர்டுலயே இருக்கிற விஜிஏ, என்விடியா எல்லாம் அதுக்கு ஆகாது. கூட ஜே-பாக்னு ஒரு சின்ன போர்டு வாங்கிடுங்க, பெட்டியில கேம் போர்டு சொருகுற 56 முனை ஜாமா கனெக்டர்ல அப்படியே சொருகிடலாம், ரெண்டு சின்க்கையும் ஒன்னாக்கும், விஜிஏ 0.7 வோல்ட்டுதான் அதையும் கூட்டிக் குடுக்கும் (இல்லாட்டி படம் மங்கலா இருக்கும்), கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்போ வர்ற 31 கிலோஹெர்ட்ஸயும் உள்ள விடாது.

டிவி_ரிப்பேர்_மாமா:
இன்னொன்னு, பெட்டி அடியில கனமா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், எடத்த அடைக்குதுன்னு கழட்டிப் போட்டுடாத. நம்ம ஊரு மெயின் வோல்ட்ட இறக்குறதோட மட்டும் இல்ல, மெயின் கரண்ட்ட மானிட்டர்லேர்ந்து பிரிச்சு வைக்கிறதும் அதுதான். அது இல்லாம கம்ப்யூட்டர் கிரவுண்ட மானிட்டர் கிரவுண்டோட சேத்தா டமார்தான். டியூப் மேல ரப்பர் தொப்பி இருக்கே, அதுக்கு அடியில 20,000 வோல்ட்டு. ஆஃப் பண்ணினாலும் நிக்கும், கை வைக்காத.

சிப்புட்_பையன்:
அண்ணே மூனு வாரம் ஆச்சு, மன்னிச்சிருங்க, ஜே-பாக் வெளிநாட்டுலேர்ந்து வர லேட்டு. கார்டு ஈப்போவுல ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில கெடைச்சிச்சு, ரேடியான் எச்டி 5450, 30 வெள்ளி. எல்சிடிய இன்னொரு ஓட்டையில மாட்டி வச்சு டிரைவர் போட்டு, மானிட்டர் வகையில ஆர்கேட்_15 தேர்ந்தெடுத்தேன், அப்புறம்தான் பெட்டிய ஆன் பண்ணினேன். நின்னுடுச்சு! ஆடவே இல்ல! எங்க வேன் மாமா பக்கத்துல நின்னுகிட்டு 20 சென் எங்க போடணும்னு கேக்குறாரு. ஆனா படம் லேசா இடது பக்கம் தள்ளி இருக்கு.

டிவி_ரிப்பேர்_மாமா:
மானிட்டர் போர்டுல எச் பொசிஷன்னு சின்னத் திருகு இருக்கான்னு பாரு, பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர், ஒரு கைய பாக்கெட்டுல வச்சுகிட்டு. இல்லன்னா திருகத் தொடவே வேணாம், டிரைவரோட வர்ற ஆர்கேட் ஓஎஸ்டிங்குற புரோகிராம்லயே படத்த வலது பக்கம் நகத்திக்கலாம்.