நெப்ராஸ்கா குடியேறி ஒருவரின் அப்பா யார்? உதவி தேவை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கஸ்டர் கவுண்டியில் 1884-ல் 160 ஏக்கர் ஹோம்ஸ்டெட் நிலம் (குடியிருந்து பயிரிடுபவருக்கு அரசு தந்த நிலம்) பதிந்தவரின் அப்பாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போது ஐந்தாண்டு குடியிருந்தால்தான் பட்டா; முன்கூட்டியே வேண்டுமென்றால் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்ட வேண்டும். இவருக்கு 1888-லேயே கிடைத்திருக்கிறது. அப்படிப் பணம் கட்டிய ரசீதும் நிலக் கோப்பில் இல்லை. ஆக, அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய காலத்தை அந்த ஐந்தாண்டில் கழித்திருக்க வேண்டும். ஆனால் படையிலிருந்து விடுவித்த சான்றின் நகல் கோப்பில் காணோம்.

1885 மாநிலக் கணக்கெடுப்பில் வயது 41, பிறப்பு ஓஹையோ. 1890 படைவீரர் பட்டியலில் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) கட்டத்தில் மை கலைந்து '7' மட்டும் தெரிகிறது. 1850 கணக்கெடுப்பில் ஓஹையோவில் அதே பெயரில், இவருக்கு அப்போது இருந்திருக்க வேண்டிய வயதில் இரண்டு சிறுவர்கள், வெவ்வேறு வீடுகளில். அந்தக் கணக்கெடுப்பில் உறவுமுறை எழுதவில்லை. போர்வீரர் ஓய்வூதிய அட்டவணையில் நெப்ராஸ்காவிலிருந்து விண்ணப்பித்தவராக இவர் பெயர் இல்லை. நிலக் கோப்பில் சாட்சி சொன்ன இருவரும் ஓஹையோக்காரர்கள் அல்ல.

ரெஜிமென்ட் தெரிந்தால் அந்த இரு சிறுவர்களில் இவர் யார் என்று பிரித்தறிய வழி கிடைக்கலாம். இவருடைய ரெஜிமென்டை உறுதிசெய்ய இனி எந்த ஆவணத்தைப் பார்க்கலாம்?