டிஃப்ராக்மென்டேஷன்: “துண்டு நீக்கம்” வேண்டாம், “சேர்த்தடுக்கல்” எப்படி இருக்கிறது?

நண்பர்களே,

ஹார்ட் டிஸ்க் டிஃப்ராக் (டிஃப்ராக்மென்டேஷன், அதாவது டிஸ்க் தட்டில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை வரிசையாக்கும் வேலை) பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று வீட்டில் கணினி வைத்திருப்பவர்களுக்காக ஓர் உதவிக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். டிஃப்ராக் எங்கே நின்றதோ தெரியாது, நான் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று இங்கே பேசிவருகிறோமே, இதுவரை வந்த பரிந்துரைகள் துண்டு நீக்கம், கூறாக்க நீக்கம், சீரமைப்பு, ஒருங்கிணைப்பு. எதுவும் எனக்கு ஒட்டவில்லை, ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் “துண்டு நீக்கு”. போன மாதம் சித்தப்பா கணினியில் யாரோ தமிழாக்கிய ஒரு கருவியை நிறுவிவிட்டு எனக்கு ஃபோன் செய்தார். “துண்டு நீக்குன்னு ஒரு பொத்தான் இருக்கே, அழுத்தினா என் படமெல்லாம் போயிடுமாப்பா?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. திரையில் “நீக்கு” என்று பார்த்தால் அழிக்கப் போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆங்கிலத்தின் “டி” என்ற எதிர்மறை முன்னொட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியதால் வந்த வினை இது.

இன்னொன்று, இதைப் பற்றி யாரும் பேசவில்லை: “துண்டு” என்பதே இங்கே சரியில்லை. எந்தக் கோப்பும் தட்டில் துண்டுகளாகத்தான் உட்கார்ந்திருக்கும். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளைத் தட்டில் வைக்கும் முறை) வழக்கமாக 4 கிலோபைட் அளவுள்ள கட்டங்களில் வைக்கிறது, 4 மெகாபைட் படம் ஒன்று 1,024 கட்டங்கள் பிடிக்கும். அவை அடுத்தடுத்து இருந்தால் சிக்கலே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால்தான் சிக்கல். அதாவது கோப்பு உடையவில்லை, சிதறியிருக்கிறது. ஆகவே ஃப்ராக்மென்டேஷனுக்குச் சிதறல் என்றே வைத்துக்கொள்வோம்.

சிதறினால் ஏன் மெதுவாகிறது என்பதும் அந்தச் சொல்லிலேயே விளங்கிவிடும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கும். படிக்கும் முனை வேறு இடத்துக்கு நகரச் சராசரியாக 9 மில்லிவிநாடி, வேண்டிய கட்டம் சுழன்று அடியில் வர இன்னும் அரைச் சுற்று. ஒரு கோப்பு 1,000 இடத்தில் சிதறிக் கிடந்தால் ஓடிப் பொறுக்குவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட 13 விநாடி போய்விடும்.

சரி, சிதறலுக்கு மறுபக்கமான டிஃப்ராக்குக்கு என்ன சொல்? “சீரமை” என்பதைத் தட்டையே துடைத்துப் புதிதாக்கும் ஃபார்மட்டுக்கும் சிலர் எழுதிப் பார்த்திருக்கிறேன், அந்தக் குழப்பம் வந்தால் தட்டே காலி. “ஒருங்கிணை”, “இணை” இரண்டுக்கும் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. கோத்தல் என்ற வேரை நானே ஆசையாக எடுத்துப் பார்த்தேன், கோப்பு என்பதும் அதே வேரில் வந்ததுதானே. ஆனால் பொத்தானில் “கோ” என்று போட்டால் அரசனா பசுவா என்று கேட்பார்கள், “மறுகோப்பு” என்றால் நகல் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை சேர்த்தடுக்கு. கருவி உண்மையில் செய்வதே அதுதான், சிதறியதைச் சேர்க்கிறது, வரிசையாக அடுக்குகிறது. பெயர்ச்சொல் சேர்த்தடுக்கல், கருவி சேர்த்தடுக்கி (உலாவி, செயலி மாதிரி). ஏழே எழுத்து, பொத்தானில் அடங்கும். “அடுக்கு” நிரலாளர்கள் சொல்லும் ஸ்டாக்குக்கும் வருமே என்றால், வரட்டும், அந்த ஸ்டாக் வீட்டுக் கணினிக்காரர் கண்ணில் படப்போவதில்லை.

சொல் தாங்குமா என்று பார்க்க உதவிக் குறிப்பின் வரிகளிலேயே போட்டுப் பார்த்தேன்:

“சேர்த்தடுக்கக் காலி இடம் தேவை. விண்டோஸ் எக்ஸ்பியின் சேர்த்தடுக்கி 15 விழுக்காடு கேட்கும்.” அறை நிறைய சாமான் இருந்தால் அடுக்க முடியாது என்பது யாருக்கும் புரியும். “துண்டு நீக்க இடம் தேவை” என்று எழுதியிருந்தால், நீக்குவதற்கு எதற்கு இடம் என்று சித்தப்பா மறுபடி ஃபோன் செய்திருப்பார். (அவர் தட்டில் 6 விழுக்காடுதான் மிச்சம் இருந்தது. இரவு முழுக்க அதே இடத்தில் நின்றதற்கு அதுதான் காரணம், பழைய வீடியோக்களை வேறு தட்டுக்கு மாற்றியதும் ஓடியது.)

“சேர்த்தடுக்கும்போது வேறு நிரல் ஏதாவது தட்டில் எழுதிக்கொண்டிருந்தால் வேலை தடைபடும்.” விண்டோஸ் 98 காலத்தில் இப்படி ஏதாவது நிரல் தட்டில் எழுதினால் முதலிலிருந்தே தொடங்கும், நினைவிருக்கிறதா? அதனால்தான் சேஃப் மோடில் (அவசியமானவை மட்டும் ஓடும் நிலை) ஓட்டச் சொல்வோம்.

“தட்டில் பிழை இருந்தால் முதலில் செக்டிஸ்க் (பிழை பார்க்கும் கருவி), பிறகு சேர்த்தடுக்கல்.” டக் டக் என்று சத்தம் வந்தாலோ பழுதான செக்டர்கள் (தட்டின் சிறு பகுதிகள்) கூடிக்கொண்டே போனாலோ சேர்த்தடுக்கவே வேண்டாம், முதலில் காப்புநகல் எடுக்கச் சொல்லுங்கள். சாகக் கிடக்கிற தட்டில் எல்லாவற்றையும் இடம் மாற்றச் சொல்வது அதற்குக் கடைசி அடியாகிவிடலாம்.

“விண்டோஸ் 8 முதல் அந்தக் கருவிக்கு ஆப்டிமைஸ் என்றுதானே பெயர், உகப்பாக்கு என்றே போட்டுவிடலாமே” என்று ஒருவர் கேட்டிருந்தார். பொத்தானுக்குப் போடலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் உகப்பாக்கு என்பது இரண்டு வேலைக்கும் பொதுப்பெயர். சுழலும் தட்டானால் சேர்த்தடுக்கும், எஸ்எஸ்டியானால் (சுழலும் தட்டில்லாத, சில்லு வகைச் சேமிப்பகம்) பெரும்பாலும் ட்ரிம் கட்டளை (இனி தேவைப்படாத இடங்கள் எவை என்று அதற்குச் சொல்வது) மட்டும் அனுப்பும். எஸ்எஸ்டியில் முனையும் இல்லை, ஓட்டமும் இல்லை, சிதறிக் கிடந்தாலும் பெரிய நட்டமில்லை, வீணாகச் சேர்த்தடுக்கினால் எழுதும் ஆயுள்தான் குறையும். இதை விளக்க வேண்டுமானால் தனிச்சொல் இல்லாமல் முடியாது.

பேச்சில் எல்லாரும் டிஃப்ராக் என்றுதான் சொல்வோம், நானும்தான். குறிப்பின் முதல் வரியில் அதையும் ஒருமுறை போட்டுவிடுகிறேன், தேடி வருகிறவருக்குக் கிடைக்க வேண்டுமே.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஓடவில்லை. பேஜ்ஃபைல் (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) மாதிரி, சேர்த்தடுக்கி கைவைக்க முடியாமல் விட்டுப்போகும் கோப்புகளுக்கு “நகராக் கோப்பு” என்று எழுதி வைத்திருக்கிறேன். “நகர்த்தவியலாக் கோப்பு” என்பதுதான் இலக்கணப்படி துல்லியம், ஆனால் வாயில் நுழையவில்லை. நீங்கள் எதைப் போடுவீர்கள்?