எழுப்புதல் கூட்டம் முடிந்த பிறகு சபையில் வேத போதனை நிலைக்க என்ன செய்யலாம்?

கேள்வி: கல்குளம் வட்டத்துச் சபையான்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு வாழ்த்துகள். தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடையில் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் குழுவில் இந்த ஆண்டு முதன்முறையாகப் பொறுப்பேற்றிருக்கிறேன். ஏறத்தாழ நூற்றிருபது குடும்பங்கள் உள்ள சபை இது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ரப்பர் பால்வெட்டை நம்பி வாழ்கிறவர்கள். ஆண்டுதோறும் மூன்று இரவுகள் எழுப்புதல் கூட்டம் நடத்துகிறோம். வெளியூரிலிருந்து பிரசங்கியார் வருகிறார், பந்தல் நிறைகிறது, மூன்றாம் நாள் இரவில் அழைப்புக் கொடுக்கும்போது வாலிபரும் தாய்மார்களும் கண்ணீரோடு முன்னால் வந்து முழங்காலிடுகிறார்கள். அந்தக் கண்ணீர் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி முன்னால் சென்றவன்தான்.

ஆனால் பந்தலைப் பிரித்து ஒரு மாதம் ஆவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. சேகரத் தேர்தலில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளுக்கான தேர்தலில், எதிரெதிராக நின்ற இரண்டு வீட்டார், அவற்றில் ஒன்று என் சித்தப்பா வீடு, ஆறு ஆண்டுகளாகப் பேச்சில்லாமல் இருக்கிறார்கள். அசனப் பந்தியில் ஒரு வீட்டார் பரிமாற வந்தால் மற்ற வீட்டார் இலையை விட்டு எழுந்துவிடுகிறார்கள். இரண்டு வீட்டாரும் எழுப்புதல் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர்கள், காணிக்கையும் தாராளமாகக் கொடுக்கிறவர்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. புத்தாண்டு இரவு ஆராதனையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11, உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று கர்த்தர் சொல்லுகிற வசனம், வந்திருந்தது. வாலிபர் கூட்டத்தில், இந்த வசனம் யாருக்கு, எப்போது எழுதப்பட்டது என்று கேட்டேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் அது இருக்கிறது என்பதும், அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருப்பதும் ஒருவருக்கும் தெரியவில்லை. சொல்லப்போனால், எனக்கே அது நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

எழுப்புதல் கூட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது என் எண்ணம் அன்று. அதில் தொடப்பட்ட உள்ளங்கள் வேதத்தில் வேரூன்றுவதற்கு ஒரு கிராமச் சபை என்ன செய்யலாம் என்றே கேட்கிறேன். எங்கள் போதகர் ஐயா மூன்று சபைகளைக் கவனிக்கிறார். ஆகவே எல்லாவற்றையும் அவர் தோளில் சுமத்த முடியாது. உங்கள் சபைகளில் செய்து பார்த்ததை எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற உபதேசியார், விளவங்கோடு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எபேசுவில் மாயவித்தைக்காரர்கள் தங்கள் புத்தகங்களை எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்த நிகழ்ச்சியைப் பற்றி நாம் அடிக்கடி பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவற்றின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்று லூக்கா எழுதுகிறார். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை யாரும் நிறுத்தி வாசிப்பதில்லை. பவுல் முதலில் மூன்று மாதம் ஜெப ஆலயத்தில் பேசினார். அங்கே எதிர்ப்பு வந்தபின் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் போதித்தார். அறிக்கையும் கண்ணீரும் நெருப்பும் அந்தப் போதனைக்குப் பிறகு வந்தவை. நாமோ இரண்டு ஆண்டு வேலையை மூன்று இரவுகளில் முடித்துத் தரும்படி வெளியூர்ப் பிரசங்கியாரிடம் கேட்கிறோம். அவர் பாவம், என்ன செய்வார்!

நான் கடைசியாகப் பணிசெய்த சபையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொரு வாரமும் ஒருவர் தமக்குப் பிடித்த ஒரு வசனத்தை எடுத்துப் பேசுவார். அடுத்த வாரம் வேறொருவர், வேறொரு வசனம். பல ஆண்டுகள் அப்படி நடந்தும், வேதத்தில் ஒரு புத்தகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை சபையாக வாசித்தோம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. போதகரின் அனுமதியோடு அதை மாற்றி, யாக்கோபு நிருபத்தை எடுத்தோம். ஐந்து அதிகாரம், 108 வசனம்; வாரத்துக்கு நான்கைந்து வசனம் என்று ஏறத்தாழ ஆறு மாதம் ஆயிற்று. யாரும் பிரசங்கம் செய்யக்கூடாது என்பது ஒப்பந்தம். முதலில் பகுதியை இரண்டு முறை சத்தமாக வாசிப்போம். பிறகு, இது யாருக்கு எழுதப்பட்டது, என்ன சொல்லுகிறது, இந்த வாரம் நாம் எதைச் செய்ய வேண்டும் என்று மூன்று கேள்விகள் கேட்போம்.

இரண்டாம் அதிகாரம் வந்தபோது, பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் எளியவனுக்குப் பாதபடியும் காட்டுகிற சபையைப் பற்றி வாசித்தோம். எங்கள் ஆலயத்தில் முன்வரிசையில் யாருக்கு நாற்காலி போடுகிறோம் என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். அந்த இரவு யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பண்டிகையில் தனி நாற்காலிகள் போடப்படவில்லை. ஐந்தாம் அதிகாரம் நான்காம் வசனம், வேலைக்காரருடைய கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்கிற இடம், இன்னும் கடினமாக இருந்தது. சபையில் தோட்டம் வைத்திருப்பவர்களும் அந்தத் தோட்டத்திலேயே பால்வெட்டுகிறவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டக்காரர் ஒருவர் இரண்டு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தார். மழைக்காலத்தில் கொடுக்காமல் நிறுத்திவைத்திருந்த தொகையை அவர் கொடுத்துவிட்டார் என்பதைப் பின்னர் பால்வெட்டுகிறவர் வழியாகத்தான் அறிந்தேன். பந்தலில் நான் கண்ட எந்த அழைப்பையும்விட அது என் மனதில் ஆழமாக நிற்கிறது.

நம் மாவட்டத்தில் இது புதிய முறையும் அல்ல. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலத்திலிருந்து, 1818இல் மிஷனரி சார்லஸ் மீட் வந்த பிறகு இன்னும் வேகமாக, இங்கே ஆலயமும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே எழும்பின. எழுத்து மறுக்கப்பட்டிருந்த நம் முன்னோரில் பலர் வேதத்தை வாசிப்பதற்காகவே எழுத்துக் கூட்டினார்கள். இன்று எல்லா வீட்டிலும் வேதாகமம் இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். சேர்ந்து உட்காரும் பழக்கம்தான் விட்டுப்போயிற்று.

ஓர் எச்சரிக்கை: பொறுப்பை அனுபவம் உள்ள மூப்பர்களிடமே கொடுங்கள். யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்று விட்டால் தவறான உபதேசம் எளிதில் நுழைந்துவிடும்.

பதில் 2: குடியிலிருந்து மீட்கப்பட்டவன்

உபதேசியார் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எழுப்புதல் கூட்டத்தைச் சிறிதாக எண்ணிவிட வேண்டாம் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். பதினேழு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு கன்வென்ஷன் பந்தலின் ஓரத்தில், உள்ளே வரத் துணியாமல் தென்னைமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அன்று கேட்ட செய்தியோடு குடியை விட்டேன். வேதபாட வகுப்பு என்று ஒன்று இருந்திருந்தால் அதன் வாசலைக்கூட நான் மிதித்திருக்கமாட்டேன்.

விட்டேன் என்றாலும், மூன்றாம் வாரம் மறுபடியும் கடைவரைக்கும் போனேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. என் தெருவில் இருந்த ஒரு பெரியவர் அதைக் கேள்விப்பட்டு, மறுநாள் முதல் மாலை ஆறு மணிக்கு, அதாவது நான் கடைக்குப் போகிற நேரத்துக்கு, என் வீட்டுக்கு வந்து உட்காரத் தொடங்கினார். மாற்கு சுவிசேஷத்தை எடுத்து நாளுக்கு ஒரு பகுதி வாசிக்கச் சொன்னார். பதினாறு அதிகாரத்தையும் முடித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். அவர் அதிகமாக விளக்கம் சொல்லமாட்டார். நான் கேட்டால் மட்டும் பேசுவார். ஓர் ஆண்டு வந்தார். ஆகவே தம்பி, கூட்டத்தில் முன்னால் வந்தவர்களின் பெயரை எழுதி வைத்திருப்பீர்கள்தானே? அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் யார் போகப்போகிறார் என்பதைப் பந்தலைப் பிரிப்பதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள்.

பதில் 3: ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

உபதேசியார் ஐயாவின் அனுபவம் எனக்கு மிகுந்த ஊக்கம் தந்தது. அவருடைய கடைசி எச்சரிக்கையில் மட்டும் நான் வேறுபடுகிறேன். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்தபோது ஆண்களும் பெண்களும், கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடிய அனைவரும் கூடியிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. லேவியர் ஜனங்களுக்குப் பொருள் விளங்கும்படி செய்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. எங்கள் சபையில் வேதத்தை ஒழுங்காக வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிறார்கள். மூப்பர் குழுவில் அவர்கள் இல்லை என்பதற்காக அவர்களை வெறும் கேட்கிறவர்களாக உட்கார வைப்பது சபைக்குத்தான் இழப்பு. தவறான உபதேசம் நுழையும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு, நடத்துகிறவர்கள் எல்லாரும் மாதம் ஒருமுறை போதகருடன் அமர்ந்து பகுதிகளைப் படித்துக்கொண்டால் போதும்.

பொருள் விளங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் ஆராதனையில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பை நான் மிகவும் நேசிக்கிறேன். சங்கீதம் 23 என் நாவில் அந்த வடிவத்தில்தான் வரும். ஆனால் லூக்கா 16 நடத்தியபோது, 'உக்கிராணக்காரன்' என்றால் கோபமுள்ளவன் என்று ஒரு சிறுவன் சொன்னான். உக்கிரம் என்ற சொல்லைக் கொண்டு அவன் அப்படி நினைத்ததில் பிழை இல்லை. 'ஆயக்காரன்' என்றால் யார் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. எஜமானின் பொருளை நிர்வகிக்கிறவன், வரி வசூலிக்கிறவன் என்று விளங்கிய பிறகுதான், ஆயக்காரருக்குத் தலைவனான சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்து, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்னதன் கனம் அவர்களுக்குத் தெரிந்தது. இப்போது பழைய மொழிபெயர்ப்பை ஒரு பிள்ளையும் புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை இன்னொரு பிள்ளையும் வாசிக்கச் செய்கிறேன். அதில் உக்கிராணக்காரன் 'வீட்டுப் பொறுப்பாளர்' ஆகவும் ஆயக்காரர் 'வரிதண்டுவோர்' ஆகவும் வருகிறார்கள். பெரியவர்களும் இப்படிச் செய்து பார்க்கலாம். தெரியாத சொல்லைத் தெரியாது என்று சபையில் சொல்லப் பெரியவர்களுக்குத்தான் கூச்சம் அதிகம்.

எஸ்றா வாசித்தது ஏழாம் மாதம் முதலாம் நாள். ஜனங்கள் உபவாசித்து, இரட்டு என்னும் சாக்குத்துணி உடுத்திப் பாவ அறிக்கை செய்தது அந்த மாதம் இருபத்துநான்காம் நாள். இடையில் தலைவர்கள் மறுபடியும் கூடிப் படித்தார்கள், கூடாரப் பண்டிகையின் எல்லா நாளும் வாசிப்பு தொடர்ந்தது. அப்படி இருபத்துமூன்று நாள்களை நாம் வாசிப்புக்கென்று ஒதுக்குவதில்லை.

பதில் 4: குளச்சல் பக்கத்துக் கடற்கரையான்

நான் கோட்டாறு மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கன், கேள்வி சி.எஸ்.ஐ. சபையைப் பற்றியது என்றாலும், எங்கள் ஊர் அனுபவம் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன். எங்கள் பங்கு அன்பியங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஓர் அன்பியம். வீடுமாற்றிக் கூடி, வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையின் நற்செய்தியை வாசித்துப் பேசுகிறோம். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவதால், ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்த ஆண்டு மாற்கு, பிறகு லூக்கா என்று தொடர்ச்சி கிடைக்கிறது. மறையுரையைக் கேட்பதற்கு முன்பே அந்தப் பகுதி மனதில் இருப்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். தொழிலின் காலம் அறிந்து நாளைக் குறியுங்கள். எங்களுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது ஆண்கள் ஊரில் இருப்பார்கள், கூட்டம் நிறையும். உங்கள் ஊரில் விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவர்களை இரவு ஒன்பதரை வரை உட்காரவைத்தால் அவர்கள் நான்காம் வாரம் வரமாட்டார்கள். அடுத்தது, பேச்சில்லாத இரண்டு வீட்டாரை வேறு வேறு குழுவில் போட்டுவிட வேண்டாம். எங்கள் அன்பியத்தில் வீட்டின் இருப்பிடமே கணக்கு என்பதால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அயலான் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

கேட்டவரின் மறுபதிவு: கல்குளம் வட்டத்துச் சபையான்

ஐயாவுக்கும், அக்காவுக்கும், சகோதரர்களுக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அச்செடுத்துப் போதகர் ஐயாவிடம் கொடுத்தேன். சபைக் குழு கூடி, புதன்கிழமை மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை வீடுகளில் குழுக்களாகக் கூடி யாக்கோபு நிருபத்தை வாசிப்பது என்று ஒப்புக்கொண்டது. நடத்துகிற நால்வரில் இருவர் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்தவர்கள். இதில் சிறிது விவாதம் நடந்தது, அக்காவின் நெகேமியா விளக்கத்தைப் போதகர் ஐயாவே வாசித்துக் காட்டினார். இந்த ஆண்டு முன்னால் வந்த முப்பத்தொரு பேரின் பெயர்களையும் பிரித்துக்கொண்டோம். எனக்கு மூன்று வீடுகள்.

கடற்கரைச் சகோதரர் சொன்னபடி வீட்டின் இருப்பிடத்தைக் கொண்டு குழு பிரித்தால், என் சித்தப்பாவும் அந்த மற்ற வீட்டாரும் ஒரே குழுவில் வருகிறார்கள். சித்தப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். மத்தேயு 5:23, 24 வசனங்களை வாசித்துக் காட்டினேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற இடம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "முதல் கூட்டம் யார் வீட்டில்?" என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் என்றேன். வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த மற்ற வீட்டுக்கு நாளை மாலை நானே போய் அழைக்கப்போகிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்.